நீ அனுப்பிய தராசு

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்க இன்று எனக்கு மனமில்லை. கோபம் தணிந்த பிறகு விசாரிக்கிறேன்.

முந்தாநாள் சாயங்காலம் அம்மாவின் சாப்பாட்டு டப்பாவைக் கழுவ எடுத்தேன். ஸ்பூன், காலையில் நான் சுற்றிவைத்த துணிக்குள் சுற்றியபடியே இருந்தது. டப்பா மட்டும் காலி. கேட்டதற்கு, "கையால சாப்பிட்டேன்டி" என்றாள்.

சலவைக்கூடத்தில் எனக்குத் துணி மடிக்கும் வேலை, அம்மாவுக்கு இஸ்திரி மெஷின். சாப்பாட்டு நேரம் வேறு வேறு. அவளோடு வேலை செய்யும் அக்காவை நேற்றுத் தனியாக விசாரித்தேன். "உங்கம்மா டப்பாவா? கொஞ்ச நாளா நாங்கதானே காலி பண்றோம். வயிறு சரியில்லைன்னாங்களே" என்றார். நான் திரும்பிப் பார்க்கிறேன், அம்மா நின்ற இடத்திலேயே சாய்கிறாள். ஓடிப்போய் இழுத்தேன். இல்லாவிட்டால் மெஷினின் சூடான உருளையில் முகம் பட்டிருக்கும்.

வயிற்றுக்கு ஒன்றுமில்லை. எல்லாம் உன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்த வேலை.

உடம்பு இளைக்க மருத்துவமனையில் நடத்தும் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அம்மா ஒழுங்காக உடற்பயிற்சி செய்தாள். எதை எவ்வளவு சாப்பிடுவது என்று கற்றுவந்து எனக்கும் சொன்னாள். மாடிப்படியில் என்னை முந்தினாள். அவள் சீருடையின் இடுப்பை நான்தான் பிடித்துத் தைத்தேன். கொழுப்பு குறைந்து தசை கூடியிருக்கிறது, அதனால்தான் எடை அசையவில்லை, இது நல்ல மாற்றம் என்று வகுப்பு நடத்துகிறவர் அளந்து காட்டியிருக்கிறார். அதைச் சொல்ல அம்மா வாயெடுத்தாள். நீ விட்டாயா? நீ அனுப்பிய தராசில் ஏறச் சொன்னாய். "மூணு மாசமா குதிச்சதுல தரைதாம்மா இளைச்சிருக்கும்" என்று சிரித்தாய். அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகு அவள் முகத்தை நீ பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு எடை இறங்கியிருந்தது. "சபாஷ், இப்பத்தான் வழிக்கு வந்திருக்கீங்க" என்றாய். பட்டினி கிடந்தவளுக்குச் சபாஷ்! நேற்று அவள் சாய்ந்த பிறகு மருத்துவமனையில் மறுபடி அளந்தார்கள். கொழுப்பு அப்படியே இருக்கிறது. நீர்தான் வற்றியிருக்கிறது, பாடுபட்டுச் சேர்த்த தசையும் கரையத் தொடங்கியிருக்கிறது. நீ பாராட்டியது இதைத்தான்.

அம்மா என்ன சொல்கிறாள் தெரியுமா? "அண்ணன்கிட்ட சொல்லிடாதடி. அக்கறையிலதானே கேக்கறான்." அக்கறையாம்! சாப்பிட்டீங்களா என்று ஒரு வார்த்தை கேட்டாயா? இனி வகுப்புக்கே போகமாட்டேன் என்கிறாள்.

போனில் உன் குரல் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன். பாதியில் படிப்பை விட்டவளுக்கு என்ன தெரியும் என்று மடித்து வைத்துவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. எடையைக் கேட்காதே. வகுப்பில் என்ன செய்தீங்க என்று கேள், அவள் சொல்லி முடிக்கும்வரை காதுகொடுத்துக் கேள். உன் வாயால் போகச் சொன்னால் போவாள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

தராசு இப்போது வீட்டில் இல்லை. இன்று காலை அதைச் சலவைக்கூடத்துக்குத் தூக்கிப்போய், அழுக்கு மூட்டைகளை நிறுக்க வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

உன் தங்கை