துண்டுக்குள் பிடித்த மூன்று விரல்

நேற்று என் மில் வாசலில் நின்ற விளக்குக் கம்பத்தைப் பிடுங்கிவிட்டார்கள், தரகரண்ணா. வாளையார்க் காட்டிலிருந்து அன்று நான் வண்டியில் ஏற்றி வந்த அதே மரக்கம்பம். அடி முழுக்கக் கரையான். குழிக்குள்ளிருந்து, அடிமரத்தில் பூசியிருந்த பழைய கீல் வாடை எழுந்ததும் என் வலது உள்ளங்கை கூசியது. வேட்டியில் துடைத்துக்கொண்டேன். போகவில்லை.

லைனைப் பெரிதாக்குகிறார்கள். கிணற்றுக்குக் கிணறு மோட்டார் வைக்கப் பழைய கம்பி தாங்காதாம். கனத்த கம்பி, இரும்புக் கம்பம், ஊர் முனையில் டிரான்ஸ்பார்மர். புதிதாக வந்திருக்கும் ஓவர்சியர் வேறு மாதிரி ஆள். போன வாரம் பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஊரையே கூட்டி உட்கார வைத்து, "கம்பம் எங்கே, விளக்கு எங்கேன்னு நீங்களே வாயால சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்" என்றார். பின்னாலிருந்து ஒருவர், "போன தடவை ஒருத்தரை நம்பி நாப்பது பனையை வெட்டக் குடுத்தமுங்க. அந்தத் தரகர் தின்னுபோட்டுப் போயிட்டாரு" என்றார்.

நீங்கள் கண் மூடி இரண்டு வருஷம் ஆகிறது. உங்கள் பெயர் மேல் அந்த அழுக்கு இன்னும் இருக்கிறது. அது என்னுடைய அழுக்கு. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பொகையிலைச் சிப்பத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நான் இந்தப் பக்கம் வந்த புதிதில் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கவே யோசித்தார்கள். நீங்கள்தான் சந்தையில் நாலு பேர் முன்னால், "இவன் நிறுவை நிறுவைதானுங்க. நான் பாத்துட்டேன்" என்றீர்கள். அந்த ஒரு வாக்கில் ஆறு ஊர் வாசல் எனக்குத் திறந்தது. சிப்பம் கடையானது, கடை மண்டியானது, மண்டி நெல் மில்லானது. கெட்டிக்காரன் என்று ஊர் என்னைச் சொல்லும்போது நான் மறுத்ததில்லை. அதில் பாதி உங்கள் வாக்கு என்றும் சொன்னதில்லை.

வியாழச் சந்தையில் புளியமரத்தடி உங்கள் இடம். விற்கிறவன் கையும் உங்கள் கையும் துண்டுக்குள் போகும். வாய் மழையைப் பற்றிப் பேசும், விரல் விலையைப் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு. அப்புறம் அதே துண்டுக்குள் வாங்குகிறவன் கை. எந்த மாடு என்ன விலைக்குப் போனது என்று நீங்கள் உங்கள் வீட்டம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு தடவை நான் நோண்டிக் கேட்டதற்கு, "துண்டுக்குள்ள நடந்தது துண்டோட போகோணும் தம்பி. வெளிய வந்துதுன்னா அப்பறம் எவன் கையை நீட்டுவான்?" என்றீர்கள். அன்று அது எனக்குத் தரகுத் தந்திரமாகத்தான் பட்டது.

மலைத்தண்ணீரில் எடுக்கிற கரண்டு முதல் முதலாக நம் பக்கம் வந்தபோது, கம்பம் சப்ளை செய்கிற வேலை எனக்குக் கிடைத்தது. லைன் பனங்காட்டுக்குள் போயாக வேண்டும். நாற்பது பனை விழ வேண்டும். எல்லாம் பனையேறிகள் வீட்டுச் சொத்து. அப்போதிருந்த கரண்டுக் கம்பெனி ஓவர்சியர், அதிகாரிகள் வந்தால் தங்குகிற முசாபரி பங்களாவுக்கு என்னைக் கூப்பிட்டு, "மரத்துக்கு நஷ்டம் கேட்டு யாரும் வழக்குக்குப் போகாம இருந்தா ஊருக்கு அஞ்சு விளக்கு போட்டுத் தரோம். ஊர் சம்மதத்தை வாங்கறது உம்ம பொறுப்பு. விளக்கு எங்கெங்கேன்னும் நீரே எழுதிக் குடும்" என்றார். ஐந்தாவது படி இறங்குவதற்குள் என் மனசில் இரண்டு விளக்கு மில்லுக்குப் போய்விட்டது. வாசலில் ஒன்று, கிடங்கு முனையில் ஒன்று. இருட்டிய பிறகும் நெல் வண்டி தைரியமாக வரும். பக்கத்து ஊர் மில்லுக்குப் போகிற வண்டியும் வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பும்.

பனையேறிகள் என்னை நம்பி ஓலையைக்கூடக் கொடுக்க மாட்டார்கள். ஆகவே உங்கள் கட்டுத்தரைக்கு வந்தேன். மாடுகளுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் விஷயத்தை ஆரம்பித்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வெளக்குக்கு எதுக்குங்கண்ணா துண்டு? மாடா விக்கறோம்?"

"சும்மா இரு தம்பி. வேலிக்கு அந்தப்பக்கம் பத்துப் பேர் காதைத் தீட்டீட்டு நிக்கறான். எத்தனைன்னு இப்பவே தெரிஞ்சுதுன்னா என்ற ஊட்டு முன்னால, உன்ற ஊட்டு முன்னாலன்னு கம்பம் நடறதுக்குள்ள மண்டை உடையும். கையைக் குடு."

அந்தத் துண்டு விரியாமல் இருந்திருந்தால் ஐந்து என்றுதான் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். பொய். வாயால் கேட்டிருந்தாலும் மூன்று என்றுதான் சொல்லியிருப்பேன்.

உங்கள் மூன்று விரலைப் பிடித்தேன். மூக்கணாங்கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன விரல்கள். "சோளத்தட்டு இந்த வருசம் என்ன விலை விக்குது பாத்தியா" என்று வேலிக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே நாலாவது விரலை என் உள்ளங்கைக்குள் நுழைத்தீர்கள். தள்ளினேன். மறுபடியும் நுழைத்தீர்கள். யாருக்காக அந்த விரல் வருகிறது என்று எனக்குத் தெரியும். பனங்காட்டுக் கிணற்றடிக்கு. விடிவதற்கு முன்னால் பொம்பளைகள் ஓலைப் பந்தத்தைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்து காலைத் தட்டித் தட்டி நடந்துபோய்த் தண்ணீர் சேந்துகிற இடம். அந்தத் தடவையும் தள்ளினேன். மூன்றாம் தடவை அது வரவில்லை. நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டீர்கள்.

அன்றைக்கே பனங்காட்டுக்குப் போய், "இப்போதைக்குக் கொஞ்சந்தான் ஆகுது. அது மேலத் தெருவுக்கே பத்தாது. அடுத்த லைன்ல உங்களுக்கு. நானாச்சு" என்று சொன்னீர்கள். அந்த ‘நானாச்சு’க்காக அவர்கள் நாற்பது பனையையும் கொடுத்தார்கள், காகிதத்தில் கைநாட்டும் வைத்தார்கள். மரம் விழுந்த பிறகு பந்தம் கட்டுவதற்கு ஓலைக்கே தட்டுப்பாடு வந்தது. அதையும் நான் கேள்விப்பட்டேன்.

விளக்கு எரிய வைத்த சாயங்காலம் ஓவர்சியர் பெஞ்சின் மேல் ஏறி நின்று காகிதம் வாசித்தார். நாற்பது பனை கொடுத்து ஒத்துழைத்த இந்த ஊருக்குக் கம்பெனி ஐந்து விளக்கு அளித்திருக்கிறது என்றார். கை தட்டச் சொன்னார். தட்டினார்கள். அவர் கார் ஏறிப் போன பிறகு எண்ணிப் பார்த்தார்கள். மேலத் தெருவில் மூன்று. மில்லில் இரண்டு. மில் விளக்கை நான் சொந்தக் காசில் போட்டதாக அதுவரை நினைத்திருந்தார்கள். நான்தான் நினைக்க விட்டிருந்தேன்.

"மில்லுக்காரரே, ஊர் வெளக்கு ரெண்டு உங்களுக்கு எப்படி வந்துது?" என்று ஒருவர் கேட்டார்.

"எல்லாம் தரகர்கிட்டப் பேசித்தானுங்க முடிச்சேன்" என்றேன்.

சொல்லுக்குச் சொல் உண்மை. நான் வாழ்நாளில் பேசியதில் அதைவிடக் கேவலமான பேச்சு கிடையாது.

பனங்காட்டு மாரக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் வீட்டுப் பனை மட்டும் ஏழு விழுந்திருந்தது. "ஏனுங்க தரகரே, மாட்டுக்குத் தரகு எட்டணா வாங்குவீங்க. நாப்பது பனைக்குத் தரகு ரெண்டு வெளக்குங்களா?" கூட்டம் சிரித்தது. "துண்டுக்குள்ள எத்தனை சொன்னாரு? அதையாச்சும் சொல்லுங்க!" என்று இன்னொருவர் கத்தினார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையைத் தூக்கி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூச்சி மொய்க்க ஆரம்பித்திருந்தது.

"துண்டுக்குள்ள நடந்ததை நான் சொல்றதில்லீங்க" என்றீர்கள். அதோடு திரும்பி நடந்தீர்கள்.

அடுத்த வியாழக்கிழமை உங்கள் துண்டுக்குள் ஒரு கையும் நுழையவில்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. சந்தைப் பக்கம் நான் இன்னும் வைத்திருந்த மண்டியிலிருந்து புளியமரம் தெரியும், ஆகவே எனக்குத் தெரியும். நீங்கள் வந்து உட்காருவீர்கள், வெற்றிலை போடுவீர்கள், சந்தை கலையும்போது எழுந்து போவீர்கள். நாலு மாதம் அப்படி வந்தீர்கள். பிறகு வரவில்லை. துண்டுக்குள் யாரும் கை விடாத தரகருக்கு வேறு என்ன பிழைப்பு? கட்டுத்தரையில் மாடு ஒவ்வொன்றாகக் குறைந்தது.

நான் ஒரு யோசனையோடு வந்தேன், நினைவிருக்கிறதா? இரண்டு ஜோடிக் காளை உங்கள் மூலமாக வாங்குவது, ஊர் பார்க்கும்படி வாங்குவது, அதில் உங்கள் மானம் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். என் புத்தி எப்போதும் அப்படித்தான் போகும், எதையும் வாங்கித் தீர்க்கப் பார்க்கும். எனக்கு மோர் கொடுத்தீர்கள். நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, "மாடு வேணும்னா சந்தையில வேற தரகருங்க இருக்காங்க, மொதலாளி" என்றீர்கள். அதுவரை நான் தம்பி. அன்றிலிருந்து மொதலாளி. அங்கேயே, அந்தச் சொம்பைக் கீழே வைப்பதற்குள் சொல்லியிருக்கலாம், மூன்று என்று பிடித்தது நான்தான் என்று ஊருக்குப் போய்ச் சொல்கிறேன் என்று. சொம்பை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். காளையை வேறு ஆளிடம் வாங்கினேன்.

உங்கள் சாவுக்கும் வந்தேன். அங்கே கிடந்ததில் பெரிய மாலை என்னுடையது.

போன வாரம் பள்ளிக்கூடத்து முற்றத்தில் தின்றுவிட்டுப் போனவர் என்று உங்களைச் சொன்னதும் நான் எழுந்து நின்றேன். சொல்லத்தான் எழுந்தேன், நம்புங்கள். எழுந்த பிறகு வாயில் வந்தது வேறு. "மில்லுல இருக்கற ரெண்டு வெளக்கையும் பனங்காட்டுக்கு மாத்திக் குடுத்துருங்க. கெணத்தடிக்கு ஒண்ணு, தடத்து முக்குக்கு ஒண்ணு. மாத்தற செலவு என்னுது" என்றேன். ஓவர்சியர் எழுதிக்கொண்டார். கை தட்டினார்கள். மாரக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது. அருகில் வந்து, "தரகர் வித்துப்போட்டுப் போனதை நீங்க திருப்பிக் குடுத்துட்டீங்க சாமி. நல்லாயிருப்பீங்க" என்றாள். நான் கும்பிட்டு அதையும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் தடவையும் உங்களை விற்றுவிட்டேன்.

நாளை வியாழக்கிழமை. இந்தக் காகிதத்தைச் சந்தைக்கு எடுத்துப்போய்ப் புளியமரத்தடியில் நின்று நானே வாசிக்கப் போகிறேன். மாரக்காவை வரச் சொல்லியிருக்கிறேன், ஓவர்சியரையும். எதற்கு என்று சொல்லவில்லை. வாசித்த பிறகு நெல் வண்டிகள் பக்கத்து ஊர் மில்லுக்குப் போகலாம். போகட்டும் என்று தாராளமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. துண்டுக்குள் நடந்ததை வெளியே கொட்டுவது உங்களுக்குப் பிடிக்காது என்றும் தெரியும். நீங்கள் தரகர், வாயைக் கட்டினீர்கள். நான் அந்தக் கட்டுக்குப் பின்னால் இத்தனை வருஷம் ஒளிந்திருந்தேன்.

உள்ளங்கையில் அந்த விரல் இன்னும் முட்டுகிறது. மில்லில் நெல்லை அள்ளினாலும் முட்டுகிறது, மாரக்காவைக் கும்பிட்டபோதும் முட்டியது. ஆகவே ஊர் கேட்கட்டும். பனங்காடு கொடுத்தது நாற்பது பனை. கம்பெனி ஒத்துக்கொண்டது ஐந்து விளக்கு. தரகர் கையில் நான் பிடித்தது மூன்று விரல். நாலாவதை அவர் இரண்டு தடவை கேட்டார்.