சொல்லக்கூடிய வருத்தம்

மாசி 3, வெள்ளி

மழை விட்டு நல்ல வெயில். வட்டையில் நெல் வெட்டுத் தொடங்கிவிட்டது. நான் போகவில்லை, ஆஸ்பத்திரி நாள். பட்டிருப்புப் பாலத்தில் ஆமி பஸ்ஸை மறித்து, ஆட்களை இறக்கி ஏற்றிச் சோதனை, போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. மாத்திரை எடுத்தாச்சு.

போன தடவை கருப்பைக் கழுத்தில் தடவி, கண்ணாடித் துண்டில் பூசிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அந்தப் பூச்சுப் பழுதாம், பார்க்க ஒன்றும் இல்லையாம்.

நேர்ஸ் மிஸ்ஸி கேட்டா: "வாறத்துக்கு முதல் கழுவினீங்களா?"

"ஓம் மிஸ்ஸி. வேப்பிலையும் மஞ்சளும் அவிச்சு, உள்ளுக்கும் நல்லாக் கழுவினன்."

"ஐயோ! நாங்க பாக்க வேண்டியதெல்லாத்தையும் கழுவி ஊத்திப்போட்டு வந்திரிக்கீங்க."

பிள்ளை பெற்ற காலத்தில் அம்மா பழக்கியது. பிறத்தி ஆள் பார்க்கப்போகிற இடம், அப்படியே எப்படிப் போவது?

எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு அந்த இடத்துப் புற்றுநோய் மற்றவர்களைவிடச் சுறுக்காக வருமாம். வருசா வருசம் பார்க்கவேண்டுமாம். கட்டாரிலிருந்து என் மனுசன் கொண்டுவந்தவை: டிவி, இரண்டு கம்பளி, இந்த எச்.ஐ.வி. வருத்தம். தான் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மாசி 21, செவ்வாய்

பாலம் மூடல். விடியத் தொடக்கம் ஷெல் சத்தம். திரும்பச் சோதிக்க இன்றைக்குத்தான் வரச்சொன்னது. மாத்திரையும் முடியப்போகிறது.

மகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. இயக்கத்துக்குப் பிள்ளை பிடிக்கிறார்களாம், கடையடியில் கதை. பதின்மூன்று வயது, பார்வைக்குப் பதினாறு. கிணற்றடிக்கும் தனியே விடுவதில்லை.

பங்குனி 7, செவ்வாய்

பாலம் திறந்தது. தலைக்குக் குளித்தேன், மற்ற இடத்தில் கை வைக்கவில்லை. வழி முழுக்க வெட்கம், பஸ்ஸில் எல்லாரும் என்னையே மோந்து பார்க்கிற மாதிரி.

பொம்பிளை டொக்டர். "இப்ப கொழும்புக்கு அனுப்பினா மறுமொழி எப்ப வருமெண்டு தெரியா. வினாகிரி பூசிக் கண்ணாலயே பாப்பம்" என்றா.

அச்சாறு மணம். அப்படிப் படுத்துக்கிடந்தும் வாய் ஊறியது. கொஞ்சம் பொறுத்து விளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்த்தா.

"ஒரு பக்கம் வெள்ளையாத் தெரியுது. இது இன்னும் புற்றுநோயில்ல. விட்டா அப்பிடி மாறும். கொழும்புக்குப் போய் அந்த இடத்தக் கருக்கி எடுக்கோணும்."

கொழும்பு. மகளை யாரிடம் விட்டுப் போவது? அதுவே தலைக்குள். வெள்ளை கூட இரண்டாவதுதான்.

பங்குனி 12, ஞாயிறு

மச்சாள் வீட்டுக்குப் போனேன், களுவாஞ்சிக்குடி. அவருடைய தங்கை. செத்தவீட்டுக்குப் பிறகு என் வாசல் மிதிக்காதவள். மகள் போனால் அவளுக்கென்று ஒரு தனிக் கோப்பை.

வாசல் படலையில் வைத்தே கேட்டாள்: "அப்பிடி என்ன வருத்தம் உங்களுக்கு, கொழும்புக்குப் போக?"

"கான்சர்" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"கான்சரா? அதுக்கா இவ்வளவு நாளும் மருந்தெடுத்தீங்க? சனம் வேறென்னவோ கதைச்சுது மச்சாள். நானும் நம்பிப்போட்டன்."

கட்டிப்பிடித்துக் குழறி அழுதாள். நானும் குழறினேன். மகளைத் தவிர, அவர் போனபிறகு என்னை ஒருவரும் இப்படித் தொட்டதில்லை. பொய் நெஞ்சுக்குள் இடித்தது. ஆனாலும் அவள் கையை எடுத்துவிடவேண்டாம் என்றிருந்தது.

மகளைத் தான் பார்ப்பாளாம். பாலத்துக்கு அந்தப் பக்கம், பிள்ளை பிடிக்கிற பயமில்லை.

பங்குனி 16, வியாழன்

நாளை பஸ். எடுக்க: அடையாள அட்டை, டொக்டர் எழுதித் தந்த துண்டு, மாத்திரை (சேலைக்குள் சுற்றி).

எங்கள் ஊர் பழுகாமம் முழுக்கக் கான்சர் கதை போய்விட்டது. பக்கத்து வளவுக்காரி, தன் கிணற்று வாளியை நான் தொட விடாதவள், தோடம்பழம் கொண்டுவந்து பாயில் என்னோடு ஒட்டி இருந்தாள். "பாவம் புள்ள" என்றாள். கேட்க எவ்வளவு சுகமாக இருந்தது! வெட்கக்கேடு.

பின்னேரம் மச்சாள் மகளைக் கூட்டிப்போக வந்தாள். உடுப்பெல்லாம் அவளே அடுக்கினாள். போகும்போது என் கோப்பையில் கிடந்த மிச்சத் தேத்தண்ணியை எடுத்து மடமடவென்று குடித்தாள்.

"சுகமாகி வாங்க மச்சாள்."

தலையாட்டினேன். சுகமாகி வந்தாலும் மாசாமாசம் மாத்திரைக்குப் போகத்தான் வேண்டும். அப்போது இவர்களுக்கு எந்த வருத்தத்தைச் சொல்வேன்?