கறுவா குசினிக்குப் போகாத காரணம்

திகன,
வெள்ளிக்கிழமை, சஹருக்கு முன்.

என் அன்பான உம்மாவுக்கு,

மகள் அபீபா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி குறைந்து, நோன்பு பாரமில்லாமல் கழிய வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை சுவர்ணா அக்காவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் லீவு முடிந்து திங்கட்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறார். மாமி உங்களுக்குக் கட்டுகிற மிளகாய்த்தூள் பார்சலோடு இதையும் அவரிடம் தனியாகக் கொடுப்பேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நீங்கள் எடுக்கிற நேரம் மாமாவின் போன் ஹோல் மேசையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இருக்கும். நீங்கள் நம்முடைய பூனை கறுவா எப்படி என்று கேட்பீர்கள், நல்லா ஈக்கி உம்மா என்று நான் சொல்லிவிட்டு விலகிப்போவேன். உங்களுக்கு ஒன்றும் சொல்லக் கூடாது என்பது மாமியின் கட்டளை. ரபீகா அங்க தனிய ஈந்து அழுவா, பூனைக் கதைக்கு அவட கண்ணீர் என்னத்துக்கு என்றார். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு ஹோலில் பெரிய கதிரைக்குப் பின்னால் நிலத்தில் உட்கார்ந்து, டோர்ச்சைத் துணியால் மூடிக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். குளிருகிறது, பயமும் இருக்கிறது.

முதலில் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். என்னை இந்த வீட்டில் விட்டுவிட்டுப் போகும்போது நீங்கள் அழுதீர்கள், ஆனால் மாமாவும் மாமியும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அசர் தொழுகைக்குப் பிறகு மாமா பள்ளிவாசலில் வாளியோடு வரிசையில் நின்று கஞ்சி எடுத்து வருவார், நோன்பு திறந்ததும் முதல் கோப்பை எனக்குத்தான், மெலிஞ்சி போனா என்ட தங்கச்சிக்கு யாரு ஜவாப் செல்ற என்பார். மாமி மகள் ஜஹானா இந்த முறைதான் முதன்முதலாக முழு நோன்பு பிடிக்கிறாள், பின்னேரம் ஆனதும் கட்டிலில் படுத்துக்கொண்டு, பள்ளியில பாங்கு சொல்றவர் தூங்கிட்டார் போல, யாராவது போய் எழுப்புங்க என்று புலம்புவாள். எனக்குக் கணிதத்தில் போன தவணையைவிட நல்ல மார்க். பெருநாளைக்கு மாமி எனக்கும் ஜஹானாவுக்கும் ஒரே துணியில் தைக்கிறார், எனக்குக் கை கொஞ்சம் நீளமாக வைத்திருக்கிறார், நான் வளருகிறேனாம். இதையெல்லாம் நினைத்தால்தான் இனி எழுதப்போவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

உம்மா, நோன்பு தொடங்கியதிலிருந்து கறுவா மண்ணுக்குப் போகவில்லை. உங்களுக்குத் தெரியும், நம்முடைய பழைய வாடகை வீட்டில் அது ஒரு நாளும் வெளியில் போனதில்லை. இங்கே வந்த பிறகும் மாமி குசினி மூலையில், காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் மண் போட்ட பேசினை வைத்துக் கொடுத்தார், அதிலேயே ஒழுங்காகப் போய்வந்தது. இப்போது ஹோலில், அதுவும் மாமா தொழுகிற முஸல்லா விரிப்பில் சிறுநீர் போகிறது. முதல் நாள் விடியற்காலை சுபஹு தொழுகையில் மாமா நெற்றியை வைத்தபோதுதான் ஈரம் தெரிந்தது. மாமா எழுந்து குளித்துவிட்டு வேறு விரிப்பில் தொழுதார், அவர் ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அடுத்த நாளும் அப்படியே. மாமா கறுவாவின் கழுத்தைப் பிடித்து அந்த ஈரத்தில் மூக்கைத் தேய்த்தார், அப்படிச் செய்தால் படிக்கும் என்று கடையில் யாரோ சொன்னார்களாம். அதற்குப் பிறகு அது மாமாவைக் கண்டாலே அலுமாரிக்குக் கீழே புகுந்துவிடும். மாமி பேசினைக் கழுவி, நிலம் துடைக்கிற வாசனை மருந்தும் ஊற்றித் துடைத்து, புது மண் போட்டார். அதன் பிறகு அது மூலையை எட்டியும் பார்க்கவில்லை. ஜஹானாவுக்குச் சிரிப்பு, எல்லாரும் நோன்பு, அவன் மட்டும் திண்டுட்டு ஈக்கிற வெக்கம், அதான் ஒளிச்சிப் போறான் என்று. மாமிதான், ரபீகா உட்டுட்டுப் போன கோவத்த எங்கட மேல காட்டுது என்றார். அது உண்மை என்றுதான் நானும் நினைத்தேன்.

போன சனிக்கிழமை மாமா முடிவைச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் மாமாவின் கடை லொறி சுபஹு முடிந்ததும் மஹியங்கனைக்குப் போகும், அதில் டிரைவரிடம் கொடுத்து அங்கே மீன் சந்தையில் விடச் சொல்வாராம். நான் அதக் கொல்லச் செல்லல்ல மகள், அங்க எங்கள விட நல்லாத் திங்கும், தொழுற எடம் அசுத்தமாகி நஜீசாகினா நான் என்ன செய்ற என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நீங்கள் போன பிறகு இரவில் என் காலடியில் வந்து படுப்பது அது ஒன்றுதான் உம்மா. அன்று இரவு தலையணைக்குள் அழுதது மாமிக்குக் கேட்டிருக்க வேண்டும். காலையில் அவரே, வருத்தக்கார சீவன ரோட்டுல உட்டா அல்லாஹ் கேப்பான், ஒருக்கா டொக்டர்ட்டக் காட்டிட்டு மத்தத யோசிப்போம் என்று கறுவாவை மூடி போட்ட கூடையில் வைத்து, த்ரீவீலில் என்னையும் ஏற்றிக்கொண்டு குண்டசாலைக்குப் போனார். நோன்போடு, அந்த வெயிலில். வழி முழுக்கக் கறுவா கத்தியது, மாமி கூடையை மடியில் வைத்துக்கொண்டு, கத்தாத வாப்பா, எனக்கும் தல சுத்துது என்று அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அங்கே ஷாமலா என்ற பெண் டொக்டர். அவர் முதலில் கறுவாவின் வயிற்றைத்தான் அழுத்திப் பார்த்தார். கடுவன் பூனைக்குச் சில நேரம் சிறுநீர்ப் பாதை அடைத்துவிடுமாம், திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் ஒன்றும் வராவிட்டால் அன்றைக்கே கொண்டுவர வேண்டுமாம், ஒரு நாள் பிந்தினாலும் உயிருக்கு ஆபத்தாம். இதை நானும் மனதில் வைத்துக்கொண்டேன், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். நம்முடையதுக்கு அடைப்பு இல்லை, சிறுநீரைச் சோதித்தும் பார்த்தார், வருத்தம் ஒன்றும் இல்லை. மாமி கோபக் கதையைச் சொன்னார். டொக்டர் சிரித்துவிட்டு, பூனைக்குப் பழி வாங்கத் தெரியாதுங்க, அந்த எடம் பிடிக்காமப் போயிருக்கும், இல்லாட்டி அங்க எதுக்கோ பயப்படுது, வீட்ல புதுசா என்ன மாறுச்சுன்னு யோசிச்சுப் பாருங்க என்றார். மாமி யோசித்துப் பார்த்துவிட்டு, ஒண்டும் மாறல்ல டொக்டர், எல்லாம் வழமையப் போலதான் என்றார். நானும் தலையாட்டினேன். வாசனை மருந்து ஊற்ற வேண்டாம், சும்மா சவர்க்காரத் தண்ணீரில் கழுவினால் போதும், ஏசவோ மூக்கைத் தேய்க்கவோ கூடாது, அது பயத்தைத்தான் கூட்டும் என்று சொல்லி அனுப்பினார். நீங்கள் போன கோபம் இல்லை என்று கேட்டதே எனக்குப் பாதிச் சுமை இறங்கின மாதிரி இருந்தது. அந்த டொக்டருக்கு நான் துஆ கேட்காத நாள் இல்லை.

மாமி சொன்னது பொய் இல்லை உம்மா, நோன்பு வருஷா வருஷம் வருவதால் அது மாற்றம் என்று யாருக்கும் தோன்றவில்லை. புதன்கிழமை நான் எல்லோருக்கும் முன்பே எழும்பி, ஈரம் இருந்தால் மாமா காணும் முன் துடைத்துவிடலாம் என்று இங்கேதான் ஒளிந்திருந்தேன். மாமி சஹர் சாப்பாடு ஆக்க எழும்பிக் குசினி லைட்டைப் போட்டார், தேங்காய் துருவினார், குக்கரை அடுப்பில் வைத்தார். கறுவா அறையிலிருந்து மெதுவாக வந்து குசினி வாசலில் நின்று பார்த்தது. ஓரமாகப் போய் பேசினில் ஒரு காலை வைத்தது, அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. அது பாய்ந்து வந்த வேகத்தில் என் மேல் மோதியது. பிறகு நேரே முஸல்லாவுக்குப் போனது. அப்போதுதான் விளங்கியது, விடியப் போகிற நேரத்தில் வீடே தூங்கும்போதுதான் அது எப்போதும் மண்ணுக்குப் போகும். அந்த நேரம் இப்போது வீட்டில் மிகச் சத்தமான நேரம். எல்லோரும் குசினியில் இருப்பதால் இருட்டாகவும் அமைதியாகவும் இருப்பது முஸல்லா விரித்த இந்த ஹோல் ஒன்றுதான். அது கெட்ட பூனை இல்லை, அமைதியான இடம் தேடியிருக்கிறது.

ஆனால் இதை எப்படி மாமியிடம் சொல்வது. எங்களுக்காக நடுச்சாமத்தில் எழும்பிச் சமைக்கிறவரிடம், உங்கள் சமையல் சத்தம்தான் காரணம் என்று இந்த வீட்டில் தங்கியிருக்கிற பிள்ளை வாய் திறக்கலாமா. அதனால் நேற்று மத்தியானம் மாமி லுஹர் தொழும்போது பேசினை எடுத்து, மாடிப் படிக்குக் கீழே, மாமா பெயின்ட் டின் அடுக்குகிற இருட்டில் வைத்தேன். கறுவாவைத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டவும் காட்டினேன். பகலெல்லாம் அது போகவில்லை. இன்றைக்குப் போகாவிட்டால் லொறி. அதற்காகத்தான் காத்திருக்கிறேன். இன்னும் வரவில்லை உம்மா. மாமியின் அறைக் கதவு திறக்கிறது, டோர்ச்சை அணைக்கிறேன்.

இனி எழுதுவது சுபஹு தொழுத பிறகு. மாமி லைட்டைப் போடவில்லை. குசினிக்கும் போகவில்லை. வெறுங்காலோடு நேரே கதிரைக்குப் பின்னால் வந்து, முழங்கால் சத்தம் போட என் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார். என் காதுக்குக் குனிந்து, போய்ட்டானா என்று கேட்டார். இன்னும் இல்லை மாமி என்றேன். நேத்து ஊடு கூட்டக்குள்ள பாத்தேன், பேசின் படிக்குக் கீழ போயீக்கி, அதுக்கென்ன கால் மொளச்சா, நீ ஏன் எனக்கிட்டச் செல்லல்ல, நான் என்ன புலியா என்றார். சஹருக்கு என்ன மாமி என்று கேட்டேன். அண்டைக்கு விசிலுக்கு அவன் பாஞ்சது எனக்கும் கண்ணுல பட்டிச்சி, ராவே ஆக்கி மூடி வெச்சிட்டேன், குக்கர் இண்டைக்கு வாய் தொறக்காது என்றார். பிறகு இரண்டு பேரும் மூச்சு விடாமல் இருந்தோம். கறுவா வந்தது. குசினி வாசலில் நின்று இருட்டைப் பார்த்தது, காதைத் திருப்பிக் கேட்டது. முஸல்லாவின் ஓரம் வரை வந்தது, மாமி என் கையை இறுக்கிப் பிடித்தார். அதை மணந்து பார்த்துவிட்டுப் படிப் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மண் கிளறுகிற சத்தம். உம்மா, அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுதுவது. கிளறிக் கிளறி மண்ணை வெளியிலெல்லாம் வீசியது, மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஊடு கட்டப் போறான் போல என்று குலுங்கிச் சிரித்தார், நான் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன்.

மாமா வந்து லைட்டைப் போட்டு, என்னது ரெண்டு பேரும் நிலத்துல என்றார். மாமி, லொறிக்கு இண்டைக்கு ஆள் இல்ல என்றார். மாமா முஸல்லாவைத் தடவிப் பார்த்தார், படிக்குக் கீழே குனிந்தும் பார்த்தார். ஒரு நாளைக்குப் போனா சரியா என்றார். நோன்பு முடியும் மட்டும் ராவே ஆக்குவேன், ஒங்களுக்குச் சுடுசோறு வேணுமா, புள்ள சிரிக்கிறது வேணுமா என்று மாமி கேட்டார். மாமா, சுடுசோறுதான் வேணும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து ஆறின சோற்றைச் சாப்பிட்டார். லொறி ஹோன் அடித்தபோது வெளியே போய் டிரைவரிடம், ஒண்டும் இல்ல, நீ போ என்றார், எனக்குக் கேட்கவேண்டும் என்றே சத்தமாகச் சொன்ன மாதிரி இருந்தது. இந்தத் தாளையும் மாமி கண்டுவிட்டார். உம்மாக்கா எழுதுற, மூடாத, எழுது, நான் ஏசினதையும் எழுது, பொய் எழுதாத என்றார். ஆகவே எழுதிவிட்டேன், மாமி ஏசினார், கறுவாவைத் தன் மடியில் வைத்துக்கொண்டும் போனார். இப்படிப்பட்ட வீட்டில் என்னை விட்டுப் போனதற்கு உங்களுக்கு நான் எவ்வளவு நன்றி சொல்ல வேண்டும்.

உம்மா, நோன்பு திறந்ததும் குளிர்ந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காதீர்கள். ஈர நிலத்தில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள், பாரம் தூக்கச் சொன்னால் முழங்கால் வலியைச் சொல்லுங்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் சுகத்தையும் தந்து, உங்களை எங்களிடம் நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்ப்பானாக. மறக்காமல் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது, சஹருக்கு ஆறின சோறுதான் உடம்புக்கு நல்லது என்று குவைத்தில் எல்லோரும் சொல்கிறார்கள் என்று மாமாவுக்குச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
அபீபா