கரியா எண்ணெயா என்று நாம் வாதாடிய கட்டடம்

அண்ணை,

இன்று காலை ஆர்ச்வேயில், நாம் வேலை செய்த நகர கவுன்சிலின் முதியோர் இல்லத்து நிலவறையிலிருந்து, எண்ணெய் நிரப்பி வைக்கும் பழைய இரும்புத் தாங்கியை வெட்டி எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினேன். எண்ணெய் மணம் அதில் ஊறியிருந்தது. நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு குளிர்காலம் கடந்துவிட்டது. கோட்டைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தாங்கி அங்கே வந்ததே உங்களால்தான். அதற்கு முன் கட்டடத்தைச் சூடாக்க அங்கிருந்தது நிலக்கரி பொய்லர். அது விரிசல் விட்டதும், புதிதாகக் கரி பொய்லர் வைப்பதா, எண்ணெய்க்கு மாறுவதா என்று பார்த்துவர நம் இருவரையும் அனுப்பினார்கள். கட்டடப் பிரிவில் தமிழர் நாம் இருவர்தான். நான் கரியின் பக்கம். கொட்டகை நிறையக் குவித்துவிட்டால் பனிக்காலத்துக்குப் பயமில்லை என்றேன். திரும்பி வந்த மோர்டன் ரயிலில் நீங்கள் என்னை விடவில்லை.

"பனிக்குப் பயமில்லை, சரி. கீழ நிண்டு சாம்பல் அள்ளுற மனிசன் இருமிறதைக் கேட்டனியே?"

"கேட்டனான் அண்ணை. எண்ணெய் வராட்டி மேல இருக்கிற கிழவன் கிழவியள் விறைச்சுப் போவினம். அதுக்கு என்ன செய்யிறது?"

எதிரே இருந்த வெள்ளைக்காரி பத்திரிகையை மடித்துவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தில் உங்கள் பக்கம் வென்றது. பொய்லரைப் பார்த்துக்கொண்டவர் ஜமேக்காவிலிருந்து வந்தவர். அவரிடம் நல்ல செய்தி சொல்லத்தான் போனோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "எண்ணெய் தானாக எரியுமே, பிறகு எனக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டார். நீங்கள் மேலே ஏறினீர்கள். பாதிப் படியில் நின்றீர்கள்.

"அந்தாளின்ர நெஞ்சைப் பாத்தன். வயித்தைப் பாக்கேல்லை."

அவருக்குப் புதிய பொய்லரில் பயிற்சி கொடுத்து வேலையில் வைத்திருந்தால்தான் அறிக்கையில் கையெழுத்திடுவேன் என்று மேலதிகாரியிடம் சொன்னீர்கள். உங்கள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதை அவர் மெல்ல நினைவூட்டினார். வீட்டில் கைக்குழந்தை, அகதி விண்ணப்பத்துக்கு முடிவும் வந்திருக்கவில்லை. ஆனாலும் பேனாவை எடுக்கவில்லை. வாதத்தில் தோற்ற நானும் வந்து உங்கள் பக்கத்தில் நின்றேன். பல நாள் இழுத்தடித்த பிறகே ஒப்புக்கொண்டார்கள்.

ஓய்வு பெறும்வரை அந்த ஜமேக்காக்காரர் அங்கேதான் இருந்தார். இருமல் முற்றாகப் போகவில்லை, குறைந்தது. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் உங்களுக்கு ரம் ஊற்றிய கேக் கொண்டுவருவார். நீங்கள் அந்த மணத்துக்குப் பயந்து அதை என்னிடம் தள்ளிவிடுவீர்கள்.

இப்போது எண்ணெயும் போகிறது, வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப் வருகிறது. அதைத் தீர்மானிக்க அந்த இல்லத்திலேயே என் தலைமையில் நடந்த கூட்டத்தில் இளம் பொறியியலாளர்கள் திரையில் படம் காட்டினார்கள். நல்ல திட்டம்தான், எனக்கும் மறுப்பில்லை. கைதூக்கப் போகும் நேரத்தில், "கீழே நிலவறையில் இப்போது வேலை செய்வது யார்?" என்று கேட்டேன். ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. அந்த இளம் பொறியியலாளர்களில் ஒரு பிள்ளை எழுந்துபோய் அழைத்து வந்தாள். நீல உடுப்போடு ஒரு பெண் வாசலில் தயங்கி நின்றார்.

என் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் வந்து இருந்த பிறகுதான் பேச்சைத் தொடரவிட்டேன், அண்ணை.