மஞ்சள் தொட்ட வரி

அன்புள்ள பேச்சியக்காவுக்கு,

இன்று, புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு உறுதியான தகவல்: உங்கள் மகள் முத்துவின் விண்ணப்பத்தைத் தள்ளிவிடவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி அலுவலகத்துத் தலைமைக் குமாஸ்தா, நம் மாட்டுங்காத் தமிழர், காகிதக் கட்டைப் பிரித்து என் கண்முன் வைத்தே இதைச் சொன்னார். சான்று வந்தால் சனிக்கிழமை தேர்வுக் குழு பார்க்கும். வராவிட்டால் இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும்.

நர்ஸ் பயிற்சிக்குப் போட்டிருக்கிறாள், அக்கா. காலரா முகாமில் உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கென்று ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். நீங்கள் உழைத்ததற்கு எழுத்தில் ஏதாவது கேட்டார்கள். அவளிடம் இருந்தது இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய செய்தி ஒன்றுதான். மீதியை வாசகர்கள் முன்னால் வைத்தே உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் இருந்தபோது சொல்லவில்லை.

யுத்தம் முடிந்த மறு மழைக்காலத்தில் தாராவியில் காலரா வந்தது. ஊசி போட டாக்டர் வந்தார். ஊசி குத்தினால் கை விளங்காமல் போய்விடும் என்று ஒரு பேச்சு. ஜனம் கதவைச் சாத்திக்கொண்டது. நீங்கள் டாக்டரைச் சந்துக்குள் கூட்டிப்போய், எல்லாரும் பார்க்க முதல் ஊசியை வாங்கிக்கொண்டீர்கள். அடுத்த சந்துக்காரர்கள், நாங்கள் பார்க்கவில்லையே என்றார்கள். அங்கேயும் கையை நீட்டினீர்கள். மருந்து இரண்டாம் முறை ஏற்றக் கூடாது என்பதால் டாக்டர் வெறும் ஊசியைக் குத்தி எடுத்தார். ஏழாவது சந்தில் கை வீங்கிவிட்டது. வீக்கத்தைப் பார்த்தால் ஜனம் பயப்படும் என்று சேலைத் தலைப்பால் அதை மூடி, மற்றக் கையை நீட்டினீர்கள்.

"பேச்சிக்கே ஒண்ணும் ஆவல, ஒனக்கு என்னல ஆவப்போவுது" என்று ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு தோல் கிடங்கு ஆட்கள் வரிசையில் வந்து நின்றார்கள். நான் அங்கே இருந்தேன். குறிப்பும் எடுத்தேன். பிறகு தனியாக விரிவாக எழுதலாம் என்று வைத்திருந்தேன். அந்தப் பிறகு வரவேயில்லை.

காலரா அடங்கியதும் மாட்டுங்காவில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, கடைசியில் நன்றியுரை. நன்றியுரை தொடங்கும்போது நிருபர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவோம். அதில் செய்தி இருக்காது என்பது எங்கள் தொழிலில் யாரும் சோதித்துப் பார்க்காத நம்பிக்கை. அன்று நான் அதுவரைகூட இருக்கவில்லை. அழைப்பிதழில் இருந்த பெயர்களை வரிசை மாறாமல் எழுதினேன். முகாமுக்கு மருந்துப் பெட்டிகள் வாங்கித் தந்த செல்வந்தருக்கு மாலை விழுந்ததைச் சேர்த்தேன். 'மற்றும் பலர் உதவினர்' என்று முடித்துவிட்டு அச்சகத்துக்கு டிராம் ஏறினேன்.

நன்றியுரை சொன்னவர் டாக்டர். வெளி வராந்தாவில் நின்ற உங்களை மேடைக்கு அழைத்து, பெயர் சொல்லி, இந்த அம்மாள் இல்லையென்றால் என் ஊசி ஒரு கையில்கூட ஏறியிருக்காது என்றாராம். எனக்கு அது தெரிந்ததே நீங்கள் பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்த அன்றுதான்.

"தம்பி, டாக்டரய்யா எம் பேரச் சொன்னாவ. நீங்க போட்டிருப்பீயள்லா? எங்கன இருக்குன்னு காட்டுங்க, மஞ்சத் தொட்டு வைக்கேன்."

இல்லை அக்கா, விட்டுப்போய்விட்டது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் கடைசி வரியில் விரலை வைத்தேன். "இங்கதான் அக்கா" என்றேன். பலர் என்றால் அதில் நீங்களும் உண்டுதானே, முழுப் பொய் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் வேறு. நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். "எம்புட்டுச் சின்னதா இருக்கேன்" என்று சிரித்தீர்கள்.

போன மழையில் காய்ச்சலில் நீங்கள் போனதுகூட எனக்குப் பதினோராம் நாள்தான் தெரிந்தது. ஊர்ச் செய்தியெல்லாம் விசாரித்து எழுதுகிறவன் நான்.

முத்து மராத்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் எழுத்துக் கூட்டுவதற்குள் களைத்துவிடுவாள். அதனால் மஞ்சளை நம்பினாள். போன வெள்ளிக்கிழமை அந்தத் தாளைக் குமாஸ்தாவின் மேஜையில் வைத்து, மஞ்சள் இருக்கும் இடத்தைக் காட்டியிருக்கிறாள். அவர் வாசித்துவிட்டு, "மற்றும் பலர்னுதான் போட்டிருக்கு, குழந்தே. உங்கம்மா பேர் இதுல இல்லையே" என்றாராம். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாளாம். பிறகு தாள் முழுவதையும் வாசிக்கச் சொன்னாளாம்.

அங்கிருந்து நேரே என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை.

"மாமா, அம்ம ரோஜ், ஒரு நாள் விடாம, அதத் தொட்டுக் கும்பிடுவா. அவளுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். ஆனால் அது சரிதானா, அக்கா? குழாயடியில் வாசிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவரிடமுமா காட்டியிருக்க மாட்டீர்கள்? தெரிந்துகொண்டே என்னைத் தம்பி என்று கூப்பிட்டு வந்தீர்களா?

கூட்டம் முடியும் முன்பே போய்விட்டேன், செய்தி குறையுள்ளது என்று எழுதிக் கையெழுத்திட்டு ஆசிரியரிடம் கொடுத்தேன். நிருபர் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொள்வதா என்று தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். நாளை வரும் இந்த இதழிலேயே இருக்கிறது. ஆனால் அது சான்று ஆகாது என்கிறார் குமாஸ்தா. காதால் கேட்காதவன் எப்படிச் சாட்சி சொல்வது? நியாயம்தான்.

டாக்டர் இப்போது பூனாவில். சனிக்கிழமையே கடிதம் போட்டேன், தந்தியும் அடித்தேன். எழுதுகிறேன் என்று ஒரு வரி பதில் வந்தது. கடிதம் இந்த நிமிடம் வரை வரவில்லை. வெள்ளிக்கிழமைத் தபாலில் எதிர்பார்க்கிறேன். அன்றும் வராவிட்டால் மதிய ரயிலில் நானே பூனா போய் வாங்கிவருவேன்.

குழு சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடுகிறது. முத்து தனியாகவே உள்ளே போவாளாம். நான் வாசலில் நிற்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நிற்பேன். உள்ளே கூப்பிட்டால் நடந்ததை நடந்தபடி சொல்வேன், அக்கா. இடம் கிடைத்ததா என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். முத்து என்னோடு மறுபடி எப்போது பேசுவாள் என்பதற்கு நாள் எதுவும் தெரியவில்லை.

உங்கள் தம்பி,
சுந்தரம்