குளம் பச்சையான கதை

செங்கலடி

அன்பு மகள் வதனிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எங்கள் இருவரின் உடம்புக்கும் ஒரு குறையுமில்லை, ஒஸ்லோக் குளிரில் நீயும் மருமகனும் தடிமன் காய்ச்சல் அண்டாமல் இருக்க மாமாங்கேஸ்வரர் துணை நிற்கட்டும். சிவப்பி பசுக்கன்று ஈன்றிருக்கிறாள், முருங்கை காய்த்துக் கொட்டுகிறது, தின்னத்தான் ஆளில்லை. இனி உன் அப்பாவின் கதைக்கு வருகிறேன். இப்போது சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், நடந்தபோது சிரிக்கவில்லை.

நம் குளம் இந்த முறை பச்சைப் பெயின்ற் கரைத்து ஊற்றியதுபோல ஆகிவிட்டது பிள்ளை. கரையெல்லாம் பாசி, கிட்டப் போக முடியாத நாற்றம், ஒருநாள் விடியப் பார்த்தால் மீனெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கின்றன. அப்பாவுக்கு யோசிக்கவே நேரம் தேவைப்படவில்லை. குளக்கரையில் கோழிப் பண்ணை வைத்திருக்கிறாரே ஏறாவூர் நிஸ்தார், அவருடைய கோழி எச்சம்தான் காரணம் என்று வயல் செய்யும் கமக்காரர் கூட்டத்தில் எழும்பிச் சத்தம் போட்டார். எத்தனையோ வருடமாக ஒரே கடையில் ஒன்றாகத் தேநீர் குடித்தவர்கள். அதன்பிறகு நிஸ்தார் அந்தக் கடைப் பக்கமே வரவில்லை. இளந்தாரிகள் சிலர் பண்ணைப் பாதையை மறிக்க வேண்டும் என்று கதைக்கத் தொடங்கினார்கள். அவர் மனைவி றம்லா எனக்குப் போன் எடுத்து, நாங்க பண்ணையை மூடிப்போட்டுப் போகத்தான் வேணுமாக்கா என்று அழுதாள். தமிழர், முஸ்லிம் என்று ஊரைப் பிரிக்கும் இப்படிப்பட்ட பேச்சு எங்கே போய் முடியும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தரவேண்டுமா?

அப்பாவோடு சண்டை பிடித்தேன். தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கத்துங்கள் என்றேன். அவருக்கு அது பிடித்துவிட்டது, நிஸ்தாரை ஒரேயடியாக மாட்டிவிடலாம் என்ற எண்ணம். வந்தாறுமூலைக் கம்பஸில் படிப்பிக்கிற தக்ஷாயினியைத் தானே போய்க் கூட்டி வந்தார், தோணியையும் தானே வலித்தார். அந்தப் பிள்ளை கறுப்பும் வெள்ளையுமான ஒரு வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினாள், ஒரு முழம் போவதற்குள் அது கண்ணுக்கு மறைந்துவிட்டது, அவ்வளவு கலங்கல். போத்தல்களில் தண்ணீர் எடுக்கும்போது, பண்ணைக்குக் கிட்ட இன்னொரு போத்தல் எடுங்க பிள்ள என்று அப்பா நச்சரித்தாராம். அவளும் எடுத்தாள், எடுத்துவிட்டு, நம் வயல் வட்டையின் வடிகால் குளத்தில் விழும் இடத்திலும் எடுத்தாள்.

முடிவை அடுத்த கூட்டத்தில் வாசித்தாள். பண்ணைப் பக்கத் தண்ணீரிலும் கொஞ்சம் அழுக்கு இருந்தது, இல்லையென்று இல்லை. ஆனால் பசளையில் இருக்கிற நைத்திரேற்றும் பொசுபேற்றும் மற்ற எல்லா இடத்தையும்விட நம் வடிகால் விழும் இடத்தில்தான் அதிகம்! வயலுக்கு மிஞ்சிப் போட்ட பசளை மழையோட கழுவுப்பட்டு குளத்துக்கு வருகுது, அதைத் திண்டுதான் பாசி பெருகுது, அது செத்து அழுகக்குள்ள தண்ணியில இருக்கிற ஒட்சிசன் முடிஞ்சிரும், மீன் மூச்சுமுட்டிச் சாகும் என்று விளக்கினாள். கூட்டத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லோரும் பசளை போட்டவர்கள்தானே, அதிலும் அப்பா ஒரு பிடி கூடப் போடுகிறவர்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். எழும்பினார், ஆனால் போகவில்லை. பிள்ள, அதை இன்னொருக்காச் சத்தமா வாசிங்க, பின்னுக்கு நிக்கிற நிஸ்தாருக்குக் கேட்டிருக்காது என்றார். அவள் வாசித்து முடிய, பின்னால் திரும்பி, தம்பி, விசாரிக்காம உங்கட பேரைக் கெடுத்துப்போட்டன், பிழை என்னிலதான் என்றார். நிஸ்தார் பின்னாலிருந்து நடந்து அப்பாவுக்குக் கிட்ட வந்தார். பிறகு, கனகண்ணன், ரெண்டு கூட்டத்திலயும் கத்தித் தொண்டை வறண்டிருக்கும், வாங்க தேத்தண்ணி குடிப்பம் என்றாரே பார், மண்டபமே சிரித்தது.

குளம் இன்னும் பச்சைதான். தெளிய ஒன்றிரண்டு போகம் ஆகும் என்கிறாள் தக்ஷாயினி, அதுவரை மாட்டுக்கும் அந்தத் தண்ணீர் காட்டக்கூடாதாம். அப்பா பசளையைக் குறைத்து, வடிகால் ஓரத்தில் புல் வளர விட்டிருக்கிறார். நிஸ்தார் எச்சம் கொட்டுவதற்குச் சீமெந்துக் குழி கட்டுகிறார். நீயும் பல்கனிப் பூச்செடிகளுக்குப் பசளையை அள்ளிக் கொட்டாதே, மருமகனை வெறும் பாண் துண்டோடு வேலைக்கு அனுப்பாதே, நேரத்துக்கு நித்திரை கொள்.

பிள்ளையாரின் அருளால் நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி நல்லாயிருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா இந்தக் கதையைத் தன் வாயாலேயே சொல்லுவார், முதல்தரம் கேட்பதுபோலக் கேள். தன் பிழைக்கு வரும் இடத்தில் குரல் தணிந்து நிற்கும், அப்போது அவசரப்படுத்தாமல் பொறுத்திரு மகள், அவர் சொல்லி முடிப்பார்.

எந்நேரமும் உன் நினைவோடு,
அம்மா புஸ்பம்