தாளின் பின்பக்கத்தில் என் எழுத்து

அன்புள்ள ஹனீபா நானா,

நீங்கள் இல்லாமல் கல்லூரி நேற்றுத் திறந்தது. முன்னேஸ்வரத்திலிருந்து வழமையான பஸ்ஸில்தான் போனேன். நீங்கள் ஏறும் மதுரங்குளியில் ஏறிய எவரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. பையை மடியில்தான் வைத்திருந்தேன். இனி அதனால் உங்களுக்கு என்ன பிரயோசனம்?

போன அரையாண்டு முடிகிற நேரம், பரீட்சை வினாத்தாளின் படமொன்று மாணவர்களின் கைபேசிகளில் சுற்றியது. உங்கள் எழுத்தில் இருந்த முதல் வரைவு. விசாரித்த துறைத் தலைவர் உங்களைப் பரீட்சை வேலையிலிருந்து விலக்கினார். விற்றுவிட்டீர்கள் என்று ஆசிரியர் அறையில் கதைத்தார்கள். நான் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. பயம் என்று இங்கே எழுதலாம். பொய். நானும் நம்பினேன்.

மறுநாள் பஸ்ஸில் உங்கள் இடத்தில் என் பையை வைத்தேன். "பைக்கும் டிக்கெட் எடுத்தீங்களா தம்பி?" என்று சிரித்தீர்கள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். புத்தளம் வரை நின்றே வந்தீர்கள். அந்தக் கிழமை முழுக்க அப்படித்தான். விடுமுறையில் நீங்கள் இறந்த செய்தி கேட்டு ஜனாஸாவுக்கு வந்தும், மதிலோரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நேற்று உங்கள் மேசை லாச்சியைக் காலிசெய்து தரும்படி எழுதுவினைஞர் கேட்டார். அடியில் அந்த வரைவு, நான்காக மடித்தபடி. திருப்பினேன். நூலகத்தில் எடுக்கவேண்டிய புத்தகங்களின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் இலக்கம், கீழே சிவப்புக் கோடு. என் எழுத்து.

என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் தாளை வீச மனம் வராது. எரிக்கவென்று நீங்கள் கட்டிவைத்த தாள்களிலிருந்து உருவி, முன்பக்கத்தைப் பாராமலே பட்டியல் எழுதி, ஒரு மாணவியிடம் கொடுத்திருக்கிறேன். அங்கிருந்துதான் படம் கைபேசிகளுக்குப் போயிருக்கிறது. விசாரணை நடந்த அன்றே அவள் அழுதுகொண்டு வந்து தாளை உங்களிடம் ஒப்படைத்தாளாம். அது என்ன தாளென்று அறியாத எழுதுவினைஞர் சொன்னார்.

அப்படியென்றால், பையைப் பார்த்துச் சிரித்தபோதே உங்களுக்குத் தெரியும். ஏன் நானா சொல்லவில்லை? என் வேலை போய்விடும் என்றா? அந்தப் பெருந்தன்மையை யார் கேட்டது? எனக்கு உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது. என் மேல் வருவதை எழுத இந்தத் தாள் போதாது.

தலைவரிடம் கொண்டுபோனேன். "அவர் மவுத்தாகிட்டார் சேர். புதுப் பிள்ளைகள் வாற நேரம் இந்தக் கரைச்சலை ஏன் கிளறுறீங்க?" என்றார். வழமைபோல் தலையாட்டிவிட்டு வந்தேன். தாளை மட்டும் கொடுக்கவில்லை.

ஆகவே எல்லோரும் வாசிக்க இதை எழுதுகிறேன். நேரே நின்று சொல்ல எனக்கு எப்போதும் வாய் வந்ததில்லை. வினாத்தாள் வெளியே போனது என்னால். நீங்கள் எதையும் விற்கவில்லை.

திங்கட்கிழமை அந்தத் தாளை அறிவித்தல் பலகையில் ஒட்டுவேன், என் எழுத்துத் தெரியும் பக்கமாக. வேலை போனால் போகட்டும். போகாவிட்டால், மதுரங்குளியிலிருந்து புத்தளம் வரை நான் நின்றுகொண்டே போவேன்.

பக்கத்தில் இடம் தராத உங்கள் தம்பி,
கந்தையா சிவபாலன்